சந்தனம் வச்ச இடம்

வாங்க டீச்சர், உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? என்ன படிக்குது, யூகேஜியா? இந்தா தங்கம், பேப்பர், பேனா, படம் வரைஞ்சுக்கிட்டு இரு. உங்க லேப்டாப் வேலை முடிஞ்சிருச்சு டீச்சர். மூளை மாத்தியாச்சு, மூடி போட்டுத் திருகியாச்சு, சும்மா ஓடவிட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன். அரை மணி நேரம் ஓடட்டும். அப்புறம் சந்தனத்தை வச்சுக் கையில குடுத்துடறேன். நாளைக்கு ஆயுத பூஜைல்ல.

ஏன் டீச்சர் ஒரு மாதிரியா இருக்கீங்க? கீழ டீக்கடையில ஏதாச்சும் சொன்னானா? "குரு சிஸ்டம்ஸுக்கா போறீங்க"ன்னு கேட்டிருப்பான். கேட்டுட்டு டீயை ஆத்திக்கிட்டே மூஞ்சியத் திருப்பியிருப்பான். தெரியும். ஒரு வருஷமா அவனுக்கு இதே பொழப்பு. நீங்க மாற்றலாகி இந்தத் திண்டுக்கல்லுக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுதுன்னீங்க. உள்ளூர்க்காரங்களா இருந்திருந்தா இந்த மாடிப்படியே ஏறியிருக்க மாட்டீங்க. உள்ளதைச் சொல்றேன். போன ஆயுத பூஜைக்கு அப்புறம் மூளை மாத்தணும்னு இந்தக் கடைக்குள்ள வந்த மொத லேப்டாப்பு உங்களுதுதான்.

அடுத்தவன் வாயால கேக்குறதுக்கு என் வாயாலயே கேட்டுக்கோங்க.

மொதல்ல என் கையப் பத்திச் சொல்லணும். சிரிக்காதீங்க. இது ராசியான கைன்னு இந்த பஸ் ஸ்டாண்டு பக்கம் பூராம் பேரு. கைராசி குருநாதன். பக்கத்து ஜெராக்ஸ் கடையில புது மெஷின் இறக்குனா மொத சுவிட்சு போட என்னையத்தான் கூப்பிடுவாங்க. கீழ துணிக்கடையில புதுசா பில் மெஷின் வந்தப்ப மொத பில்லு நான்தான் அடிச்சேன். "அண்ணே, ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க"ம்பாங்க. நான் போயி தட்டுவேன். நான் கேட்டு வாங்குன பேரு இல்ல, தானா வந்த பேரு. போன மாசம் அதே ஜெராக்ஸ் கடையில இன்னொரு மெஷின் இறக்குனாங்க. நான் இந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கடைக்காரரே சுவிட்சு போட்டுக்கிட்டாரு. மேல நிமிந்துகூடப் பாக்கல டீச்சர்.

பாப்பா, அந்த டிராயர் வேணாம்மா. உள்ள ஸ்க்ரூ, ஊசின்னு கெடக்கு, கையில குத்திரும்.

ரமேஷ்பாபுன்னு ஒரு பையன், நாகல் நகர். பையன்னா கல்யாணமானவன், அப்ப ஒன்பது மாசத்துல ஒரு கைக்குழந்தை இருந்துச்சு, எனக்குப் பையன் மாதிரி. கல்யாண வீடியோ எடிட் பண்றது தொழில். அவன்கிட்ட இருந்ததும் உங்களுது மாதிரியே பன்னெண்டு வருஷத்துப் பழைய லேப்டாப்பு. வீடியோவையெல்லாம் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கடைசியில ஒரே ஃபைலா இறக்கணும்ல, அதுக்கு ஏழு மணி நேரம் எட்டு மணி நேரம்னு இழுக்கும். "அண்ணே, மாப்பிள்ளை தாலி கட்டுறதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துருது. மூளைய மட்டும் மாத்திக் குடுங்கண்ணே"ன்னு வந்து நின்னான்.

மூளைன்னா பிராசசர். நாங்க இங்க மூளைன்னுதான் சொல்றது, கஸ்டமருக்குப் புரியணும்ல. இப்ப வர்ற லேப்டாப்புல போர்டோட வச்சு ஒட்டியே அனுப்பிடறாய்ங்க, கழட்ட முடியாது. பழசுல அப்படி இல்ல. ஒரே ஒரு ஸ்க்ரூ. அரைச் சுத்து சுத்துனா பிடி விட்டுரும், அலுங்காமத் தூக்கிடலாம். அடியில ஊசி ஊசியா கால் இருக்கும், ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. புதுசைப் பொருத்திட்டு மேல ஒரு பேஸ்ட்டு தடவணும். பல்லு விளக்குற பேஸ்ட்டு இல்ல, சூட்டை இழுத்துச் செம்புக் குழாய்க்குக் குடுக்குற பேஸ்ட்டு. துளியூண்டு போதும். குழாய்ல ஏறுன சூட்டை ஃபேன் ஊதி, இந்தா ஓரத்துல கம்பி போட்ட ஜன்னல் மாதிரி இருக்குல்ல, இது வழியா வெளிய தள்ளும். அம்புட்டுதான் சூட்சுமம். சூடு வெளிய போயிக்கிட்டே இருக்கணும்.

ரமேஷ்பாபுக்கு ரெண்டு ஆள் வேலை பாக்குற மூளைய எடுத்துட்டு நாலு ஆள் வேலை பாக்குறதை வச்சேன். எட்டு மணி நேரம் இழுத்தது மூணு மணி நேரத்துல முடிஞ்சுச்சு. பயலுக்குத் தலைகால் புரியல. என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "கைராசின்னா கைராசிதான்ணே"ன்னான். அவன் வாயால சொன்ன வார்த்தை டீச்சர் இது. பின்னால ஊரு என்னென்னமோ சொல்லுச்சு. அவன் சொன்னது இதுதான்.

பத்து நாள் கழிச்சுத் திரும்ப வந்தான். சூடாகுதாம். சூடு ஏற ஏற தானா மெதுவாயிடுதாம். நாலு ஆள் வேலை பாத்தா சூடு வரத்தான் செய்யும், பயப்படாதன்னேன். அதுல ஒரு செட்டிங் இருக்கு, சூடு கூடுனா வேகத்தைக் குறைக்கிறது. பெத்தவன் பயந்து பயந்து பிள்ளைய வளக்குற மாதிரி, லேசாச் சுட்டாலே வேலையை நிறுத்திரும். அதை எடுத்து விட்டுட்டேன். அப்புறம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. உங்களுக்கும் எடுத்து விட்டிருக்கேன், இப்ப பாருங்க எப்படி ஓடுதுன்னு.

சரி, விஷயத்துக்கு வாறேன். நம்ம கையால வேலை பாத்த மெஷினுக்கெல்லாம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சந்தனம் வச்சு விடுறது இங்க பழக்கம். கஸ்டமர் அவங்களே கொண்டாந்துடுவாங்க. படியில வரிசை நிக்கும். வீட்டுல அவங்க ஆயிரம் வச்சாலும் என் கையால ஒண்ணு வச்சு வாங்கிட்டுப் போகணும்னு. லேப்டாப்புக்கு எங்க வைக்கிறதுங்கிறதுதான் செரமம். வண்டின்னா ஹெட்லைட்டுக்கு மேல வச்சிடலாம். தையல் மெஷினுக்குத் தலையில வச்சிடலாம். இதுக்கு மூடி மேல வச்சா பைக்குள்ள போட்டதும் அழிஞ்சிரும். ஸ்கிரீன்ல வச்சா திட்டுறாங்க. பட்டன் மேல வச்சா ஒட்டிக்கிது. யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபிடிச்ச இடம்தான் இந்தக் கம்பி ஜன்னல். கம்பி கம்பியா இருக்கிறதால சந்தனம் நல்லாப் பிடிச்சுக்கும். துடைச்சாலும் போகாது. சூடு படப் படக் காஞ்சு இறுகிடும். அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அப்படியே இருக்கும் டீச்சர். வேற எந்தக் கடையிலயும் இப்படி வைக்கத் தெரியாது.

போன வருஷம் ரமேஷ்பாபுவும் அந்த வரிசையில நின்னான். அவனுக்குன்னு கொஞ்சம் கூடவே வச்சேன். பட்டையா. நம்ம பையன்கிற பிரியம். வச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னேன். நாளைக்கு மட்டும் இதை எடுக்காத, கேமராவோட சேத்துச் சாமி முன்னால வச்சிரு, மறுநாள் தேங்கா உடைச்சுட்டு எடுத்துக்கோன்னேன். ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்குற நாள்ல ஆயுதத்தை எடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க, படிச்சவங்க. சரி சரின்னு தலையாட்டிட்டுத்தான் போனான்.

எடுத்துட்டான் டீச்சர்.

கல்யாண வீட்டுக்காரங்க மறுநாள் வெளிநாட்டுக்குக் கிளம்புறாங்களாம், வீடியோ கையில வேணுமாம், விடாம போன் அடிச்சிருக்காங்க. மத்தியானம் பூஜை முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட உக்காந்த நேரத்துல, சாமி முன்னால இருந்ததைத் தூக்கிட்டு வந்து படுக்கை ரூம்ல கட்டில் மேல வச்சு ஓடவிட்டிருக்கான். கொசு வருதுன்னு ஜன்னலைச் சாத்தியிருக்காங்க. கட்டிலுக்கு அந்த ஓரம் குழந்தை தூங்குது. நடுவுல ஒரு தலைகாணி. ரூம் கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு வந்து இலையில உக்காந்துட்டான்.

அவன் சம்சாரம் சங்கீதா இங்க கடையில வந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி அழுதுச்சு, அதனாலதான் எனக்கு இம்புட்டும் தெரியும். பாயசம் ஊத்திக்கிட்டிருந்திருக்கு. அப்ப ரூமுக்குள்ளருந்து வாசம் வந்திருக்கு. என்ன வாசம்ங்கிறீங்க? சந்தன வாசம். கம்முன்னு வீடு பூரா மணந்திருக்கு. ஆயுத பூஜை அன்னைக்கு வீட்டுல சந்தனம் மணந்தா யாராச்சும் பதறுவாங்களா? ரமேஷ்பாபுவோட அம்மா, "சாமி வந்து உக்காந்திருக்குடா நம்ம வீட்டுல"ன்னு கன்னத்துல போட்டுக்கிச்சாம். எல்லாரும் கும்பிட்டிருக்காங்க. கும்பிட்டுட்டு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் வாங்கிக் குடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் பிளாஸ்டிக் கருகுன நாத்தம் வந்து, படார்னு ஒரு சத்தம்.

எனக்கு இதை நெனச்சா இப்பவும் மெய் சிலிர்க்குது. எரியிறப்பக்கூட சந்தனமா மணந்துச்சு பாருங்க. என் கையால வச்ச சந்தனம்.

பேட்டரி உப்பி வெடிச்சிருக்கு. மெத்தை பிடிச்சுக்கிச்சு. தலைகாணி பிடிச்சுக்கிச்சு. அவன் ஓடிப்போயி எரியிற லேப்டாப்பை ரெண்டு கையாலயும் வாரித் தூக்கி பாத்ரூமுக்குள்ள எறிஞ்சிருக்கான். குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. புகை குடிச்சு ரெண்டு நாள் இருமுச்சு, அம்புட்டுதான். சாமி காப்பாத்துச்சு. கைதான் போச்சு. அவன் கை. பிளாஸ்டிக்கு உருகி உள்ளங்கையில ஒட்டிக்கிச்சு. விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துருச்சு. மூணு தடவை ஆபரேசன் பண்ணியும் மடங்க மாட்டேங்குது. மவுசைப் பிடிக்க முடியல. சோறே சங்கீதாதான் ஊட்டுது. குழந்தையத் தூக்குனா நழுவிடுமோன்னு தூக்குறதே இல்லையாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் டீச்சர். போகாம இருப்பேனா? மாதுளம்பழம் வாங்கிட்டுப் போனேன். சங்கீதா வாசல்லயே மறிச்சுருச்சு, அந்தப் பொண்ணோட கோவம், விடுங்க. அவன்தான் உள்ளருந்து "அண்ணனை விடு"ன்னான். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கட்டு. என் கையையே பாத்தான். அப்புறம் மெதுவா, "அண்ணே, உங்க கை நல்லா இருக்குல்ல?"ன்னு கேட்டான். அந்த நெலமையிலயும் என் கையப் பத்தி விசாரிக்கிறான் பாருங்க. அம்புட்டுப் பாசம். நல்லா இருக்குப்பான்னு நீட்டிக் காட்டுனேன். அவன் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டான். வலி இருந்திருக்கும்.

அதுல இருந்து ஊரு பேச ஆரம்பிச்சுச்சு. ராசியில்லாத கை, வெளங்காத கைன்னு. நல்ல நாள்ல ஆயுதத்தை எடுத்தது அவன். கட்டில்ல வச்சது அவன். பேரு எனக்கு. அன்னைக்கு வரிசையில நின்ன மத்தவங்க அத்தனை பேரும் ஒரு வாரத்துல வந்து, "அண்ணே, பழைய மூளையவே போட்டுக் குடுங்க"ன்னு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இல்லன்னா எதிர்க்கடை ஜாகிர் பாய்கிட்ட போயிட்டாங்க.

ஜாகிர் பாய் நல்ல மனுசன்தான், குறை சொல்லல. ரமேஷ்பாபு வீட்டுல அந்தக் கருகுன லேப்டாப்பை அவர்கிட்டத்தான் குடுத்திருக்காங்க, உள்ள இருக்கிற வீடியோவாச்சும் தேறுமான்னு பாக்க. ஒரு நாள் அவரே இந்தப் படி ஏறி வந்தாரு. வந்தவரு உக்காரல. ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜை மேல வச்சாரு. அந்த லேப்டாப்போட ஃபேனாம். "சுத்த விடாம ஏதோ கட்டிதட்டி நிக்குது குரு. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. நீயே பிரிச்சுப் பாரு"ன்னாரு. சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாரு.

நான் பிரிக்கல. எதுக்குப் பிரிக்கணும்? பன்னெண்டு வருஷத்து ஃபேன்ல அழுக்கு இருக்கத்தான் செய்யும். மஞ்சளா ஏதோ தெரிஞ்சுச்சு கவருக்கு வெளியருந்தே. சூட்டுல பிளாஸ்டிக்கு மஞ்சளாப் போகும். அப்படியே டிராயர்ல போட்டுட்டேன். தூக்கி எறியலாம்னு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையக் கூட்டுறப்ப நெனப்பேன். மறந்துடும்.

ஆங், முடிஞ்சிருச்சு பாருங்க. எம்புட்டு வேகம்! தொட்டதும் திறக்குதுல்ல? ஓரத்துல கை வச்சுப் பாருங்க. சுடுதா? சூடு வரத்தான் செய்யும் டீச்சர், புதுசுல்ல, பயப்படாதீங்க. சாயங்காலம் இதுலதான ஆன்லைன்ல டியூசன் எடுக்குறீங்க? எங்க வச்சு எடுப்பீங்க? ஒரே ரூம்தானா? கட்டில்ல வச்சா... பாப்பா பக்கத்துலயே தூங்கிருமா? சரி, ஒரு பலகையைப் போட்டு அது மேல வச்சுக்கோங்க. நாளைக்கு மட்டும் தொடாதீங்க. நான் கேக்குறது அது ஒண்ணுதான். இது நல்லபடியா ஓடுச்சுன்னா நாலு டீச்சர்கிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு மெஷின் நல்லா ஓடுனா போதும், இந்தக் கைக்குப் போன பேரு திரும்பி வந்துரும். இல்லன்னா தையோட கடையக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்.

கொஞ்சம் இருங்க, சந்தனம். காலையிலயே பன்னீர் விட்டுக் குழைச்சு வச்சேன், கெட்டியா. போன வருசம் ஒருவேளை குறைச்சு வச்சுட்டேனோன்னு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்தத் தடவை குறையே வைக்கக் கூடாதுன்னு. கட்டை விரலால அழுத்தி, ஒவ்வொரு கம்பி இடுக்குலயும்... இந்தா... இந்தா. பாத்தீங்களா? எம்புட்டு நெறைவா இருக்கு. ஒரு இடுக்குகூட விடல. காத்துகூடப் புகாது.

காத்து...

இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இருங்க, குங்குமம் எங்க வச்சேன்.

பாப்பா! அந்த டிராயரைத் திறக்காதன்னு சொன்னேன்ல. அதை வையி. வையிம்மா, அந்தக் கவரைப் பிரிக்காத. என்ன? என்ன மணக்குது? இந்தா, இங்க உங்க அம்மா லேப்டாப்பு மணக்குதுடா தங்கம், இப்பத்தான் மாமா சந்தனம் வச்சேன்ல.

அதுலயுமா?

குடுங்க டீச்சர். நீங்க எதுக்கு அதை மோந்து பாத்துக்கிட்டு. அது பழைய அழுக்கு. ஒரு வருசமா டிராயருக்குள்ள கெடந்தது. குடுங்க. ஏன் என்னையப் பாக்குறீங்க? நான் எத்தனை பேருக்கு வச்சேன் தெரியுமா, அன்னைக்கு மட்டும் இருபது முப்பது பேருக்கு. நல்லா இருக்கணும்னுதான வச்சேன். அவன் எடுத்தான் டீச்சர், நல்ல நாளும் அதுவுமா அவன் எடுத்தான்.

முந்தானையால துடைக்காதீங்க. வச்ச சந்தனத்தைத் துடைக்காதீங்கன்னு சொல்றேன்ல. டீச்சர். டீச்சர், கேளுங்க. துணியால துடைச்சா உள்ள போயிரும். இடுக்குக்குள்ள போயி, காஞ்சு, பொலபொலன்னு உதிர்ந்து நேரா ஃபேன்லதான் விழும். விழுந்து கட்டிதட்டிக்கும். ஃபேன் சுத்தாது. சூடு போக வழி...

உக்காருங்க டீச்சர். போயிடாதீங்க. ஒரு நிமிசம்.

இந்தாங்க பிரஷ். வெளிப்பக்கமா இழுக்கணும், உள்ள தள்ளக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் அந்தா உங்க கைக்குப் பக்கத்துல. ஆஃப் பண்ணி, பேட்டரியக் கழட்டிட்டுத் திறங்க, அடி மூடியில பதினோரு ஸ்க்ரூ. உங்க பழைய மூளை இந்த டப்பாவுல பத்திரமா இருக்கு, அதையே திரும்ப வச்சிடலாம், மெதுவா ஓடுனாலும் பரவாயில்ல. நான் இங்க தள்ளி நின்னு சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க. கஷ்டமில்ல, ஒரே ஒரு அரைச் சுத்துதான்.

என் கை வேணாம்.